கேளுங்கள்: விட்டதைப் பிடிக்கும் ஆட்டம்

என் தம்பி ஆன்லைன் ரம்மியில் நாலு லட்சம் விட்டுவிட்டான். ‘திமிர்’ என்கிறார் அப்பா. திமிரா, நோயா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

நோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-லேயே தங்கள் நோய்க் கையேட்டில் இதை மது, போதை இருக்கும் அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டார்கள். ‘விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடறேன்’ என்று தம்பி சொல்லியிருப்பாரே, அதுவே முக்கியமான அறிகுறி. கடனை மொத்தமாக அடைத்துக் கையில் புது ஏடிஎம் கார்டைக் கொடுத்துவிடாதீர்கள், அது அடுத்த ஆட்டத்துக்கான முதல். கொஞ்ச நாள் அவருடைய வங்கிக் கணக்கை அவர் சம்மதத்தோடு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். 14416-க்குப் போன் செய்தால் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார், கட்டணம் இல்லை. தம்பி சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் ஒரு நிமிடமும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தம்பியைத் திட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், திட்டினால் தம்பி மறைத்து ஆடுவார், அவ்வளவுதான்.

ஆன்லைன் சூதாட்டத்துக்குத்தான் தடை போட்டாச்சே, இன்னும் ஏன் இதைப் பொது சுகாதாரப் பிரச்சினை என்கிறீர்கள்?
– ஒரு வாசகர், ஈரோடு

2003-ல் லாட்டரியைத் தடை செய்தோம், சீட்டு மறைந்தது, சில வருஷத்தில் ஆட்டம் செல்போனுக்குள் வந்து உட்கார்ந்தது. 2022-ல் தமிழக அரசு போட்ட சட்டத்தில் ரம்மிக்கும் போக்கருக்குமான தடையை மறுவருஷமே உயர் நீதிமன்றம் நீக்கியது, அவை திறமை ஆட்டமாம். அப்புறம் 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் எனக்குப் பிடித்தவை: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட முடியாது, பதினெட்டு வயதுக்குக் கீழே கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும். தோற்றவன் தூக்கமில்லாமல், தடுக்க வீட்டில் யாரும் விழித்திருக்காத நேரத்தில்தான் கடன் செயலியைத் திறக்கிறான். உபதேசம் செய்யாமல் அந்த ஐந்து மணி நேரத்தைப் பூட்டியது டாக்டர் புத்தி. நிறுவனங்கள் வழக்குப் போட்டன, பொது சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பு என்று ஜூனில் நீதிமன்றம் விதிகளை ஏற்றது. ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்தது: திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது, நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஆடுபவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. நல்லது. ஆனால் வெளிநாட்டுச் செயலிகள் இதற்கெல்லாம் பயப்படுவதில்லை. அதனால்தான் எத்தனை பேர் சிகிச்சைக்கு வருகிறார்கள், எந்தப் புதுச் செயலியின் பெயரைச் சொல்கிறார்கள் என்று டெங்குவைக் கணக்கெடுப்பதுபோல மாவட்டவாரியாக எடுங்கள் என்கிறேன். ‘கடன் தொல்லையால் தற்கொலை’ என்று செய்தி வருகிறது, கடன் எதனால் வந்தது என்று யார் எழுதி வைக்கிறார்கள்?

தீபாவளிக்குக் காசு வைத்துச் சீட்டாடுவோம். அதுவும் நோயா சார்?
– ஒரு வாசகர், காரைக்குடி

சீட்டுக்கட்டு ராத்திரி இரண்டு மணிக்கு ‘உங்களுக்கு ஐம்பது ரூபாய் போனஸ்’ என்று எழுப்பாது. பாயைச் சுருட்டினால் ஆட்டம் முடிந்தது, போன காசும் மாமா சட்டைப்பையில்தான் இருக்கும். மாமா திருப்பித் தருவாரா என்பது வேறு கேள்வி.