தினம் ஒரு புதிய மருந்துச் செய்தி வருகிறதே, இவற்றில் எது உண்மையிலேயே சிகிச்சையை மாற்றியிருக்கிறது?

புற்றுநோய், அல்சைமர், உடல்பருமன், காசநோய் என்று வாரத்துக்கு ஒரு மருந்து 'சாதனை' படைப்பதாகச் செய்தி வருகிறது, இவற்றில் எதை நம்புவது, கடந்த சில ஆண்டுகளில் எந்த ஆய்வு நிஜமாகவே சிகிச்சையை மாற்றியது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் அல்ல. மருந்து ஆய்வுகளில் திரளும் தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு நோயாளியின் படிவத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒரு பிறந்த தேதியும் ஒன்பதாம் பக்கத்தில் இன்னொரு பிறந்த தேதியும் இருந்தால், அதைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் எரிச்சலூட்டுகிறவன். பதினோரு ஆண்டுகள் இதைச் செய்ததில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மருந்துச் செய்தி எதைப் படித்தாலும் 'எத்தனை சதவீதம் பலன்?' என்று நான் தேடுவதில்லை. எதை எண்ணினார்கள் என்று தேடுவேன்.

ஏன் என்று விளங்க, கொஞ்சம் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும்.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களின் இதயத்தில் இடையிடையே அதிகப்படியான துடிப்புகள் தோன்றும். அவை அதிகமாக உள்ளவர்கள் திடீரென இறந்துபோவதும் அதிகம். ஆகவே அந்தத் துடிப்புகளை அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று 1980களில் மருத்துவர்கள் நம்பினார்கள். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் அவற்றை அழகாக அடக்கின. ஈசிஜி வரைபடத் தாளிலேயே அது தெரிந்தது. லட்சக்கணக்கானோருக்கு இந்த வகை மருந்துகள் எழுதப்பட்டன. வரைபடம் சீரான பிறகு வேறென்ன சான்று வேண்டும்?

அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 1987இல் 'காஸ்ட்' என்ற ஆய்வைத் தொடங்கியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் எல்லோருக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்குத் துடிப்புகள் அடங்கினவோ அவர்களை மட்டும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தையும் மறுபாதிக்கு அதே தோற்றமுள்ள, மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். அதாவது, மருந்து 'வேலை செய்தது' என்று நிரூபணமானவர்களை மட்டுமே வைத்து நடந்த போட்டி. 1989இல் அந்த இரண்டு மருந்துகளையும் அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. சராசரியாகப் பத்து மாதங்களில், மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும் வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். துடிப்பை எண்ணியபோது வெற்றி, உயிரை எண்ணியபோது பேரிழப்பு.

இது ஒரு தடவை நடந்த விபத்து என்று நினைத்துவிட வேண்டாம். 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல்லை உயர்த்த டார்செட்ராபிப் என்ற மருந்து வந்தது. அது எச்டிஎல்லை 72 சதவீதம் உயர்த்தியது, கெட்ட கொழுப்பையும் கால்பங்கு குறைத்தது. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தவர்களுக்குக் கொண்டாட்டம். 15,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தினார்கள். மருந்துக் குழுவில் 93 மரணங்கள், மற்றதில் 59.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்மைக்கால ஆய்வுகளுக்கு வருவோம்.

அல்சைமருக்கான லெகனெமாப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அது அகற்றுகிறது. அதில் சந்தேகமே இல்லை, ஸ்கேனில் பார்க்கலாம். ஆனால் நோயாளியின் குடும்பம் ஸ்கேனோடு வாழ்வதில்லை. ஆரம்பநிலை நோய் உள்ள 1,795 பேரிடம் 18 மாதங்கள் நடந்த ஆய்வில், நினைவையும் அன்றாடச் செயல்களையும் சேர்த்து மதிப்பிடும் அளவுகோலில் இரு குழுக்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.45 புள்ளி. அந்த அளவுகோல் 0 முதல் 18 வரை. இரு குழுவினருமே சரிந்தார்கள், மருந்து பெற்றவர்கள் சற்று மெதுவாக. '27 சதவீதம் மெதுவாக' என்று தலைப்புகள் வந்தன. கணக்குப்படி அது பொய்யல்ல. 1.66க்குப் பதில் 1.21 புள்ளிச் சரிவு, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தநாளம் வழியாக ஏற்ற வேண்டும். மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதத்தினருக்கு மூளையில் நீர்வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது, பெரும்பாலும் அறிகுறிகள் இல்லாமல். பல பத்தாண்டுத் தோல்விகளுக்குப் பிறகு நோயின் போக்கையே தொட்ட மருந்துகளில் இது ஒன்று என்பதால் ஆராய்ச்சியாளர்களின் உற்சாகம் எனக்குப் புரிகிறது. அதே உற்சாகத்தை ஒரு மகளிடமோ மகனிடமோ விற்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சதவீதம் என்ற சொல்லே ஒரு கழைக்கூத்தாடி. எடைகுறைப்பு ஊசி செமாக்ளுடைடை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வெளியான 'செலெக்ட்' ஆய்வில் ஏற்கெனவே இதய நோய் உள்ள, நீரிழிவு இல்லாத, எடை கூடிய 17,604 பேர் இருந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணினார்கள். சரியான எண்ணிக்கை, நோயாளிக்கு வலிக்கும் எண்ணிக்கை. சுமார் மூன்றேகால் ஆண்டில் வெற்று ஊசி பெற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கும் மருந்து பெற்றவர்களில் 6.5 சதவீதத்தினருக்கும் அவை நேர்ந்தன. இதை '20 சதவீதக் குறைவு' என்றும் சொல்லலாம், '100 பேரில் ஒன்றரைப் பேர் தப்பினார்கள்' என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே உண்மைதான். தலைப்புக்கு எது போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பக்கவிளைவால் ஊசியையே கைவிட்டவர்கள் 16.6 சதவீதம், வெற்று ஊசிக் குழுவில் 8.2 சதவீதம். இந்த வரி தலைப்புக்குப் போகாது. ஆனாலும் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். தராசு முள்ளோடு நின்றுவிடாமல் மாரடைப்பை எண்ணினார்களே.

நிஜமாகவே மாற்றியது எது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், கோவிட் காலத்தில் பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' ஆய்வைத்தான் சொல்வேன். 2020 மார்ச்சில் தொடங்கியது. உலகமே ஆளுக்கொரு மருந்தை வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் தலைமை தாங்கிய குழு சாதாரண மருத்துவமனை வார்டுகளிலேயே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. முக்கியமாக எண்ணியது ஒன்றே: 28 நாட்களுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள். படிவங்களைச் சின்னதாக வைத்தார்கள். என்னைப் போன்றவர்களின் பிழைப்புக்கு அது நல்லதல்ல, நோயாளிகளுக்கு நல்லது. ஜூன் 16 அன்று விடை வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் 26.2 சதவீதம் 23.3 ஆயிற்று. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் இல்லை. சொல்லப்போனால் எண்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன: 17.8, மருந்தில்லாதவர்களில் 14.0. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தாலும் இலேசான காய்ச்சலுக்கெல்லாம் அதைக் கொடுக்க இந்த ஆய்வில் இடமே இல்லை. அதே ஆய்வு, மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் சோதித்தது. 1,561 பேருக்குக் கொடுத்தும் இறப்பு குறையவில்லை. ஆயிரம் வாக்குவாதங்களால் முடியாததை ஒரு குலுக்கல் முடித்து வைத்தது.

இப்படி நோயாளிகளைத் துணைக்குழுக்களாகப் பிரித்துப் பார்ப்பதில் ஆபத்தும் உண்டு. 1988இல் வெளியான 'ஐசிஸ்-2' ஆய்வு 17,187 பேரிடம், மாரடைப்பின்போது ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று காட்டியது. வயது, பாலினம் என்று பிரித்துப் பார்த்து வெளியிடுங்கள் என இதழாசிரியர்கள் வற்புறுத்தினார்கள். ஆய்வாளர்கள் சரி என்று சொல்லி, கூடவே ராசிவாரியாகவும் பிரித்து அட்டவணையில் போட்டார்கள். மிதுன, துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தரவில்லை என்று வந்தது! வேண்டிய மட்டும் கூறுபோட்டால் எந்த ஆய்விலும் இப்படி ஒரு துலாம் ராசி கிடைக்கும். ரெகவரியில் ஆக்சிஜன் தேவையை வைத்துப் பிரித்தது இந்த வகையல்ல. அது முன்கூட்டியே தீர்மானித்தது, வித்தியாசமும் மிகப் பெரியது.

இரண்டு வெற்றிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எச்ஐவி தடுப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியாக லெனகாபவிர். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024இல் வந்தது: ஊசி பெற்ற 2,134 பேரில் தொற்று பெற்றவர் ஒருவர்கூட இல்லை. தினசரி மாத்திரை தரப்பட்ட 1,068 பேரில் 16 பேருக்குத் தொற்று. பூஜ்யம் என்ற எண்ணை என் வேலையில் பார்த்தால் முதலில் தரவு தொலைந்துவிட்டதோ என்றுதான் பயம் வரும். இங்கே அது உண்மையான பூஜ்யம். மாத்திரை மோசமானதல்ல. தினமும் விழுங்குவது அந்தப் பெண்களின் வாழ்க்கையில் நடக்கிற காரியமாக இல்லை.

இன்னொன்று, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய். ஒன்பது முதல் இருபது மாதங்கள் வரை இழுக்கும் சிகிச்சையை, பெடாகுயிலின் உள்ளிட்ட நான்கு மருந்துகளை வைத்து 24 வாரங்களில் முடிக்கலாம் என்று பெலாரஸ், தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. பழைய சிகிச்சையில் 48 சதவீதத்தினருக்குப் பாதகமான முடிவு, புதியதில் 11 சதவீதத்தினருக்கு. பாதகம் என்று எண்ணியதில் மரணம் மட்டுமல்ல, மருந்தைத் தாங்க முடியாமல் நிறுத்தியவர்களும் அடக்கம். பழைய சிகிச்சையின் தோல்வியில் பெரும்பங்கு அதுதான். நேர்மையான எண்ணிக்கை என்பேன்.

பெரிய கூட்டமும் வெற்று மாத்திரையும் இல்லாமலே நம்பக்கூடிய ஆய்வு உண்டா? உண்டு, அரிதாக. 2022இல் மலக்குடல் புற்றுநோயில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்து கொடுத்த முதல் 12 பேருக்கும் கட்டி முழுமையாக மறைந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எதுவும் தேவைப்படவில்லை. 2025இல் அது 49 பேராகியும் எண்ணிக்கை பிசகவில்லை. புற்றுக்கட்டி தானாக மறைவது அபூர்வத்திலும் அபூர்வம் என்பதால் இங்கே ஒப்பிட இன்னொரு குழு அவசியமில்லை. ஆனால் 'புற்றுநோய்க்கு முற்றுப்புள்ளி' என்று பரவிய செய்திகள் ஒரு விவரத்தை விழுங்கிவிட்டன: மரபணுப் பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதான கட்டிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். மலக்குடல் புற்றுநோய்களில் அவை 5 முதல் 10 சதவீதம்.

நோயாளியின் நம்பிக்கையே பாதி மருந்து என்பதற்கு, வெற்று மாத்திரையைவிட வெற்று அறுவை நல்ல சான்று. 2017இல் 'ஆர்பிட்டா' ஆய்வில் நிலையான நெஞ்சுவலி உள்ள 200 பேருக்கு மயக்கமருந்து கொடுத்து, ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும் இரத்தக்குழாய் அடைப்பை விரிக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். மற்றவர்களுக்கு வைத்தது போல் பாவனை. ஆறு வாரம் கழித்து ஓடுபொறியில் நடக்கவிட்டால், இரு குழுக்களுக்கும் இடையே 16.6 விநாடிகள்தான் வித்தியாசம். தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு. இதய மருத்துவர்கள் கொதித்தார்கள். அதே குழுவே 2023இல் நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி சோதித்தபோது, ஸ்டென்ட் நெஞ்சுவலியைக் குறைக்கிறது என்று வந்தது. தாங்களே கிளப்பிய சந்தேகத்தைத் தாங்களே பாதி தீர்த்துக்கொண்ட அந்த நேர்மைக்காக அவர்களை எனக்குப் பிடிக்கும்.

கடைசியாக, செய்தியாகவே வராத ஒரு வகை: மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆய்வுகள். இதய நோய் எதுவும் இல்லாத 19,114 முதியவர்களிடம் 'ஆஸ்ப்ரீ' ஆய்வு தினசரி சிறிய ஆஸ்பிரினைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. ஊனமோ மறதிநோயோ இன்றி வாழும் காலம் கூடவில்லை. மாறாக, பெரிய இரத்தக் கசிவு 2.8 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாகக் கூடியது. (மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களுக்கு இது பொருந்தாது. யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்த வேண்டாம்.)

என் அப்பாவுக்கு இதய நோய் இல்லை. பல வருடமாக முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் விழுங்கிக்கொண்டிருந்தார். எழுபத்து நான்காவது வயதில் அவருடைய மருத்துவர் அதை நிறுத்தினார். வீட்டுக்கு வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாத்திரையைக் கூட்டினால் டாக்டர் அக்கறையாகப் பார்க்கிறார், குறைத்தால் கைவிட்டுவிட்டார் என்பது அவர் கணக்கு. நான் ஆய்வை எடுத்துச் சொன்னேன். அட்டவணையைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரம் எனக்குத் தெரியாமல் வேறொரு மருத்துவரிடம் போய் வந்திருக்கிறார். அவரும் அதையே சொன்னாராம். "ரெண்டு பேரும் ஒரே பேப்பரைப் படிச்சிருப்பாங்க" என்றார் அப்பா.