மஞ்சக்குப்பம் திண்ணையிலிருந்து: ராணுவ பென்ஷன் கேள்வி பதில்

ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வாரம் நாலு பேராவது பைலோடு வருவார்கள். இந்த முறை எழுதிக் கேட்டவர்களுக்குப் பதில்.

ராணுவ பட்ஜெட்டில் கால்வாசி பென்ஷனுக்கே போகிறதாமே? (நெல்லிக்குப்பம், கல்லூரி மாணவர்)

கிட்டத்தட்ட உண்மைதான் தம்பி. 2025-26இல் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் பென்ஷன் 1.60 லட்சம் கோடி. ஆனால் ஜவான் பதினைந்து, பதினேழு வருஷத்தில், நாற்பது வயதுக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். படை இளமையாக இருக்க வேண்டும் என்று அரசே வைத்த ஏற்பாடு இது. மற்ற அரசு ஊழியர் அறுபது வயது வரை சம்பளம் வாங்கும் காலத்தில் இவன் வாங்குவது பென்ஷன். பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஊழியர்கள் பென்ஷனும் அதே கணக்கில்தான் வருகிறது. திட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. 2022இல் வந்த அக்னிவீர் முறையில் நாலு வருஷத்தோடு போகிறவர்களுக்கு பென்ஷனே கிடையாது.

என் தாத்தா பிரெஞ்சு சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' அவருக்கு உண்டா? (புதுச்சேரி)

இல்லை. அவருக்குப் பணம் தருவது பிரான்ஸ் அரசு. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் இருந்தவர்களுக்கு, எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பென்ஷன் என்ற இந்தத் திட்டம் இந்தியப் படையில் இருந்தவர்களுக்கு மட்டும். 1-7-2014 முதல் கணக்கு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்தம்.

அப்பா ஏழு வருஷத்திலேயே ராணுவத்தை விட்டு வந்துவிட்டார். பென்ஷன் இல்லை, வயது 71. (பண்ருட்டி)

ஹவில்தார் பதவி வரை இருந்தவர் என்றால் மாத உதவிக்கு மனுப் போடலாம். கொடிநாள் நிதியிலிருந்து வருவது. 65 வயது தாண்டியவர்களுக்கு 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து வரும் மனுக்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். ராணுவத்தை விட்டு வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பழைய புக் கிழிந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போனில் லைஃப் சர்டிபிகேட் போட்டேன், ஆனாலும் பென்ஷன் நின்றுவிட்டது. (பாகூர்)

பெரும்பாலும் ஒரே தப்புதான் ஐயா. ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் முறைக்கு மாறிய பிறகும், பணம் தருபவர் என்ற இடத்தில் பழைய பழக்கத்தில் பேங்க் பெயரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுத்து மறுபடி போடுங்கள். நின்ற மாதப் பணமும் சேர்ந்து வரும்.

வீட்டுக்காரரின் பென்ஷன் ஆர்டரில் என் பெயர் 'செல்வி', ஆதாரில் 'தமிழ்ச்செல்வி'. அவர் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். (திருப்பாதிரிப்புலியூர்)

அப்புறம் வேண்டாம்மா, இந்த வாரமே. அவர் இருக்கும்போது இது ஒரு மனு, ஒரு பிரமாணப் பத்திரம், அவருடைய ஒரு கையெழுத்து. அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பினால் திருத்துவார்கள். அவருக்குப் பிறகு என்றால் 'செல்வி'யும் 'தமிழ்ச்செல்வி'யும் ஒருவர்தான் என்று நீங்கள் அலைந்து நிரூபிக்க வேண்டும். கணவர் போன பிறகு வர வேண்டிய குடும்ப பென்ஷனுக்காக என் திண்ணைக்கு ஒரு அம்மா பதினோரு மாதம் வந்தார். பிறந்த தேதி ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அரியர் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பதினோரு மாதமும் அவர் பால்காரரிடம் கடன் சொல்லிக்கொண்டிருந்தார். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். அப்புறமும் மாட்டேன் என்றால் சனிக்கிழமை காலையில் அவரை இங்கே அழைத்து வாருங்கள், பேனா என்னிடம் இருக்கிறது.