வெறும் வயிற்றில் கொடைக்கானல் ஏறலாமா? சைக்கிள் ஓட்டிகளுக்கான உணவும் தண்ணீரும்

கேள்வி: எனக்கு வயது 41, எடை 74 கிலோ, ஊர் திண்டுக்கல். சமவெளியில் 80 கிலோமீட்டர் வரை சிரமமில்லாமல் சைக்கிள் ஓட்டுவேன். போன மாதம் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறினேன். காலையில் காபி மட்டும் குடித்தேன். வழியில் மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்தேன். மலைப்பாதையில் இருக்கிற ஊத்து என்ற ஊரில் நிறுத்தி நான்கு பஜ்ஜியும் டீயும் சாப்பிட்டேன். பெருமாள்மலை நெருங்கும்போது காலில் தெம்பே இல்லை. தலைசுற்றல், குமட்டல், கை நடுக்கம். மிச்ச தூரம் ஜீப்பில்தான் போனேன். பயிற்சி போதவில்லையா, சாப்பாட்டில் கோளாறா? எனர்ஜி ஜெல், அதாவது பாக்கெட்டில் வருகிற சர்க்கரைக் கூழ், வாங்கச் சொல்கிறார்கள் சிலர். பழனிப் பஞ்சாமிர்தமே போதும் என்கிறார் ஒரு நண்பர். எதைக் கேட்பது?

பதில்: 80 கிலோமீட்டர் ஓட்டுகிற கால்களுக்குப் பயிற்சி போதாது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால், உங்களைப் பாதி வழியில் நிறுத்தியது அன்றைக்குச் சாப்பிட்ட விதம். இன்னும் சரியாகச் சொன்னால், சாப்பிடாமல் விட்ட நேரம்.

வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,800 மீட்டர். உங்கள் எடையோடு சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 87 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் உடம்பு சுமார் 1,500 கலோரி செலவழிக்கும். நாம் எரிக்கிற சக்தியில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் சூடாக வெளியேறிவிடும். சாலை உராய்வையும் காற்றையும் சேர்த்தால் செலவு 2,000 கலோரியை நெருங்கும். சமவெளியில் நடுநடுவே பெடலை நிறுத்திக் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். மலையில் நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும்.

வரவு என்ன? தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து 400 முதல் 500 கிராம், அதாவது 1,600 முதல் 2,000 கலோரி. உடம்புக் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும், மூச்சு வாங்க ஏறுகிற வேகத்தில் உடம்பு பெரும்பாலும் மாவுச்சத்தைத்தான் கேட்கும். இதில் கல்லீரலில் இருக்கிற பங்குதான் ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடித்து மூளைக்குச் சக்தி கொடுப்பது. ராத்திரி தூங்கி எழுவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். நீங்கள் அதை நிரப்பாமல் காபியோடு கிளம்பிவிட்டீர்கள். கால் சோர்ந்ததோடு தலையும் சுற்றியது, கையும் நடுங்கியது அதனால்தான்.

ஆகவே முதல் மாற்றம் கிளம்புவதற்கு முன்பே. முந்தின ராத்திரி சோறோ இடியாப்பமோ இட்லியோ வயிறாரச் சாப்பிடுங்கள். எண்ணெயையும் காரத்தையும் குறையுங்கள். காலையில் ஐந்து மணிக்குக் கிளம்புகிறவரை இரண்டு மணிக்கு எழுந்து சாப்பிடச் சொல்வதில் நியாயமில்லை. புறப்பட முக்கால் மணி நேரம் முன்னால் நான்கு இட்லி, தொட்டுக்கொள்ள நாட்டுச் சர்க்கரை, கூடவே ஒரு பழம் போதும். ஒரு இட்லியில் சுமார் 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து இருக்கும். பொங்கல் வேண்டாம். அதன் நெய்யும் பருப்பும் ஏற்றத்தில் வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கும். காபியை விட வேண்டியதில்லை, அது தெம்புக்கு உதவும். ஆனால் அது சாப்பாடு ஆகாது.

வழியில் மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசி எடுத்த பிறகு சாப்பிடுவது, ரிசர்வும் தீர்ந்த பிறகு பெட்ரோல் பங்க் தேடுவது மாதிரிதான். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று வாய். ஏற்றம் தொடங்குகிற காமக்காப்பட்டியைத் தாண்டுவதற்குள் முதல் பழம் வயிற்றுக்குள் இருக்கட்டும். டம் டம் பாறையில் தலையாறு அருவியைப் பார்க்க நிற்பீர்கள். அங்கே பழத்தை வெளியே எடுத்தால் குரங்குக்குத்தான் போகும். அதற்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பழம்? இந்த மலையிலேயே விளைகிற விருப்பாட்சி மலை வாழையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. பூவன், ரஸ்தாளியைவிட நீர்ப்பசை குறைவு, சட்டைப் பையில் நசுங்காது. தோல் சுருங்கிக் கறுத்துப்போனதாகப் பார்த்து வாங்குங்கள். காயின் மாவு முழுக்கச் சர்க்கரையாக மாறியிருக்கும், ஏற்றத்தில் எளிதாகச் செரிக்கும். ஒரு பழத்துக்குத் தோராயமாக 15 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இனிப்பு திகட்டும்போது வாட்டிய வாழையிலையில் கட்டிய பொடி இட்லி கைகொடுக்கும். எண்ணெய் அரைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்களும் சோற்றைக் குழைய வடித்து, துண்டு போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். நமக்கு இட்லியாகவே தயாராக இருக்கிறது.

பஞ்சாமிர்தத்தைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது வெறும் ஊர்ப் பாசம் இல்லை, அதற்குள் விஷயம் இருக்கிறது. குளுக்கோஸை மட்டும் எடுத்துக்கொண்டால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் உறிஞ்சாது. பழச்சர்க்கரை எனப்படும் ஃபிரக்டோஸ் வேறு வாசல் வழியாக உள்ளே போகிறது. இரண்டையும் கலந்து கொடுத்தால் மணிக்கு 90 கிராம் வரை ஏற்கும். விலை கூடிய ஜெல்களிலும் இதே கணக்குதான். பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு இருக்கின்றன, எல்லாமே இந்த இரண்டு சர்க்கரைகளும் கலந்தவை அல்லது வயிற்றில் அப்படிப் பிரிபவை. நெய் சேர்வது கொஞ்சம்தான், பாதகமில்லை. மெல்ல வேண்டியதும் இல்லை. ஒரு மேசைக்கரண்டியில் தோராயமாக 12 முதல் 15 கிராம் சர்க்கரை கிடைக்கும். டப்பாவோடு கொண்டுபோனால் கை, ஹேண்டில்பார் எல்லாம் பிசுக்கு. வாய் குறுகிய, பிதுக்குகிற மாதிரியான சின்ன பாட்டிலில் முந்தின ராத்திரியே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே இரண்டு மடக்குத் தண்ணீர் அவசியம், இல்லாவிட்டால் அதே இனிப்பு குமட்டலைக் கொண்டுவரும். ஜெல் கெடுதல் என்று சொல்லவில்லை. ஆறு மணி நேர ஏற்றத்துக்கு அவசியமில்லை, அவ்வளவுதான்.

பஜ்ஜி அன்றைக்கு உங்களுக்குச் செய்தது கெடுதல்தான். கடுமையாக ஏறும்போது ரத்தம் காலுக்குப் போய்விடும், வயிற்றுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் எண்ணெய்ப் பண்டம் போனால் இரைப்பை அதை விடவே விடாது, மேலே குடிக்கிற தண்ணீரும் அங்கேயே தேங்கும். ஊத்தில் நிறுத்துங்கள், சர்க்கரை கூடுதலாகப் போட்ட டீ குடியுங்கள், இரண்டு மலைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். பஜ்ஜி கொடைக்கானலில்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் உங்களை எச்சரிக்க வேண்டும். ஏற்றத்தில் வேகம் மணிக்கு 8, 9 கிலோமீட்டர்தான். காற்று படாது, அடிவாரச் சூட்டில் வியர்வை உலராமல் சைக்கிள் கம்பியிலேயே சொட்டும். அதைப் பார்த்துப் பயந்து லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடிப்பவர்கள் நிறைய. வியர்வையில் போகிற உப்பு திரும்பி வராமல் தண்ணீர் மட்டும் ஏறினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், முற்றினால் குழப்பமும் வலிப்பும் வரும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கே அது அதிகம், அதாவது அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கு. உங்கள் குமட்டலில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

மணிக்கு 400 முதல் 800 மில்லி போதும். கீழே கூடுதல், மேலே குளிரில் குறைவு. இரண்டு பாட்டிலில் ஒன்று வெறும் தண்ணீர், இன்னொன்று பானகம். பாதயாத்திரைக்காரர்களுக்குப் பந்தலில் கொடுக்கிற அதே பானகம்தான், உப்பு மட்டும் சேர்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் வெல்லம், ஒரு எலுமிச்சை, ஒரு சிட்டிகை சுக்கு, கால் தேக்கரண்டி உப்பு. அந்த உப்பில் சுமார் 600 மில்லிகிராம் சோடியம் இருக்கும். நன்றாக வடிகட்டுங்கள், வெல்லத் தூசி பாட்டில் வாயை அடைக்கும். வெல்லத்தைக் கூட்டாதீர்கள். லிட்டருக்கு 80 கிராமைத் தாண்டினால் இரைப்பை காலியாவது தாமதப்படும். சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளைக் கோடு படிகிறவராக இருந்தால் உப்பை மட்டும் கொஞ்சம் கூட்டலாம்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் உப்புக்கு நல்லது. ஆனால் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், அதாவது 54 கலோரி. அதை நம்பி சாப்பாட்டை விடக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. குடித்தால் கூடவே உப்பு தொட்ட எதையாவது சாப்பிடுங்கள். கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. சொந்த பாட்டிலோடு போய், நிறுத்துகிற கடையிலெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இறங்குவதற்கு முன்னாலும் சாப்பிட வேண்டும். வியர்வை ஈரத்தோடு குளிர் காற்றில் வேகமாக இறங்கும்போது சர்க்கரை குறைந்திருந்தால் பிரேக் பிடிக்கிற விரல் சொன்னபடி கேட்காது. சட்டை மாற்றி, சோறும் பருப்பும் இரண்டு முட்டையும் சாப்பிட்டு, அரைமணி உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் இந்த அளவுகளை உங்கள் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம்.

இதையெல்லாம் முதன்முதலாகக் கொடைக்கானல் பாதையிலேயே சோதிக்காதீர்கள். சைக்கிள் ஓட்டும்போதே செரிக்க வயிற்றுக்கும் பழக்கம் வேண்டும், சில வாரங்களில் அது வரும். திண்டுக்கல்காரருக்குச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏறுங்கள். கிளம்பும் முன்பும் வந்த பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் அடுத்த தடவை கொஞ்சம் கூட்டிக் குடியுங்கள். எடை கூடியிருந்தால் தண்ணீரைக் குறையுங்கள்.