ஜெபித்தும் மனம் ஆறவில்லை என்றால் விசுவாசம் குறைவு என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: நெருங்கிய ஒருவரை இழந்துவிட்டீர்கள். ஜெபிக்கிறீர்கள், ஆலயத்துக்கும் போகிறீர்கள், துக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. "உனக்கு விசுவாசம் போதாது, துதித்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள் வீட்டில். கிறிஸ்தவ விசுவாசத்தால் உள்ளம் உண்மையிலேயே குணமாகுமா?

ஆகும் என்றுதான் சொல்வேன். ஆனால் எனக்கு அது துதியில் ஆரம்பிக்கவில்லை. கடவுளோடு போட்ட சண்டையில் ஆரம்பித்தது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). என் தம்பி பைக் விபத்தில் போய்விட்டான். அந்த ஆண்டு புத்தாண்டு ஆராதனையில் எங்கள் வீட்டுக்கு எடுத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது அந்த ஆண்டுக்கென்று எடுக்கிற வேத வசன அட்டையில், வந்தது வேதாகமப் பாடல்களான சங்கீதங்களில் 91ஆவது: "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." பீரோ கதவில் ஒட்டி வைத்திருந்தோம். அடக்கம் முடிந்து வந்து துணி எடுக்கப் போன அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேத வசனமாயிற்றே, கிழிக்கவும் மனம் வரவில்லை. மளிகைக்கடைக் காலண்டரைக் கொண்டுவந்து அதை மறைத்து மாட்டிவிட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் வாய் சும்மா இருப்பதில்லை. "கர்த்தர் தம்முடைய தோட்டத்துக்கு நல்ல பூவாகப் பறித்துக்கொண்டார்" என்று ஒருவர். "சகலமும் நன்மைக்கு ஏதுவாகத்தான் நடக்கும்" என்று இன்னொருவர். வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நம் ஊர் துக்க வீடுகளுக்குப் போகிறவர்கள் அந்த ஏழு நாளையாவது பின்பற்றினால் நன்றாக இருக்கும்.

எங்கள் வீட்டில் அதைச் செய்தது அத்தை. அப்பாவின் அக்கா, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்துக்கு வருவார். முதலில் அடுப்படிக்குப் போய், காலையிலிருந்து கிடக்கிற பாத்திரங்களைக் கழுவுவார். அப்புறம் குடும்ப ஜெபம். ஆறுதல் சொல்வதில்லை, வசனம் தேடி எடுப்பதுமில்லை. சங்கீதங்களை வரிசையாக வாசிப்பார், நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று.

இது அத்தை கண்டுபிடித்த வழி இல்லை. பழைய ஆங்கிலிக்கன் ஜெப புத்தகமே 150 சங்கீதங்களையும் காலை, மாலை என்று பிரித்து 30 நாளில் முடிக்கிற மாதிரிதான் வைத்திருக்கிறது. வரிசையாகப் போனால் பிடித்ததை மட்டும் பொறுக்க முடியாது. ஆறுதலான 23 வருகிற மாதிரி கதறுகிற 22ம் வரும், 91 வருகிற மாதிரி 88ம் வரும். வாக்குத்தத்த அட்டைகளில் 88ஆம் சங்கீதத்தை நான் பார்த்ததே இல்லை. புலம்பலாகவே போய் புலம்பலாகவே முடிகிற பாட்டு அது. கடைசியில் "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்" என்று ஒரு வரி வரும் என்று காத்திருந்தேன். "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்று கடவுள்மேலேயே குற்றம் சாட்டிவிட்டு நின்றுபோகிறது. அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு "ஆமென்" என்றார். தம்பி போனபிறகு என் வாயிலும் ஆமென் வந்தது அன்றைக்குத்தான். அதுவரை யார் ஜெபித்தாலும் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுகள்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. இதை எழுதியவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? கடவுள் இல்லை என்று நினைக்கிறவன் இப்படி அவர் முகத்துக்கு நேராகக் கேட்கமாட்டான். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஏழு வார்த்தைகள் ஆராதனையில் உட்கார்ந்திருப்போமே, அதில் நான்காம் வார்த்தை "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அதுவும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. சிலுவையில் இயேசுவே அதைச் சொல்லலாம் என்றால் நாம் சொன்னால் என்ன?

அத்தையோடு வாசித்து வாசித்து, நானும் சொந்தமாகக் கேட்க ஆரம்பித்தேன். மொட்டை மாடியில் நின்று, ரொம்ப மரியாதையில்லாத வார்த்தைகளில். பதில் குரல் எதுவும் கேட்கவில்லை. காட்சியும் இல்லை. ஆனால் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது போக ஒரு திசை கிடைத்தது. கோபத்தை அம்மாமேலும் அப்பாமேலும் காட்டுவது மெல்லக் குறைந்தது. தம்பி அடித்த ஜோக்குகளைச் சாப்பாட்டு நேரத்தில் பேசிச் சிரிக்கிற அளவுக்கு வீடு வந்தது. சிரித்துவிட்டு அழுவதும் உண்டு. உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது, நம்பாத சீடன் தோமாவிடம் அதைத்தானே காட்டினார்? குணமானால் தழும்பே இருக்காது என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், உங்கள் கேள்வியில் தூக்கம் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டான், திரும்பவும் படுத்துத் தூங்கினான், தூதன் திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கடவுள் மெல்லிய சத்தத்தில் அவனோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகு.

அதனால் டாக்டரிடம் போங்கள். எனக்கும் கொஞ்ச காலம் மாத்திரை தேவைப்பட்டது. "மாத்திரை போட்டால் அவிசுவாசம்" என்று ஒரு ஜெபக் கூட்டத்தில் சொன்னார்கள், அந்தக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அப்போஸ்தலன் பவுல் "பிரியமான வைத்தியன்" என்று சொல்கிற லூக்காவைக் கூடவே வைத்திருந்தார். வேலூர் சி.எம்.சி.க்கு பாகாயத்தில் தனியாக ஒரு மனநல மையமே இருக்கிறது. அதை நடத்துவது கிறிஸ்தவ மருத்துவமனைதான். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். கூடவே வீட்டில் ஒருவரையும் எழுப்புங்கள்.

சபையை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) தனியாகப் போய், "எனக்குக் கடவுள்மேல் கோபமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கேட்டால் அங்கேயே இருங்கள். உடனே வசனத்தைப் புரட்ட ஆரம்பித்தால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சபையில் பாத்திரம் கழுவுகிற அத்தை மாதிரி யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள். பெரும்பாலும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருப்பார்கள்.