காபிக் கடையில் வேண்டாதவர் போல நடத்துகிறார்கள் என்றால்

நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நீங்கள் போகும் காபிக் கடையில் மற்றவர்களிடம் சிரித்துப் பேசுகிற ஊழியர்கள் உங்கள் முறை வந்ததும் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. மடிக்கணினியைத் திறந்த கொஞ்ச நேரத்தில் மேசையைத் துடைக்க வந்து நிற்கிறார்கள். 'நான்தான் அதிகமாக யோசிக்கிறேனோ' என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. வீடும் வேலையிடமும் அல்லாத இப்படிப்பட்ட இடங்களை ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 'மூன்றாவது இடம்' என்றார். அங்கே நாம் போவது காபிக்காக மட்டும் இல்லை. அதனால் ஒதுக்கப்பட்டால் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூட்ட நேரத்தில் கல்லாவில் நிற்பவருக்கு நிமிர்ந்து பார்க்கவே நேரமிருக்காது. பழகியவர்களிடம் மட்டும் பேச்சு தானாக வரும். மேசைகள் குறைவான கடையில் நெடுநேரம் உட்காருபவர் மீது எரிச்சலும் வரும். ஆகவே கூட்டமில்லாத நேரத்தில் ஒருமுறை போங்கள். நீங்களே முதலில் வணக்கம் சொல்லி, "இங்கே எவ்வளவு நேரம் உட்காரலாம்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் வருகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அப்போதும் அதே முகம்தான், அதற்கு உங்கள் நிறமோ உடையோ பேச்சோ காரணம் என்று தோன்றினால், தயவுசெய்து பொறுத்துக்கொண்டு போகாதீர்கள். உரிமையாளரிடம் தனியாகப் பேசுங்கள். 'உங்கள் ஊழியர்கள் மோசம்' என்று சொன்னால் எடுபடாது. 'இன்ன நாளில் எனக்குப் பின்னால் வந்தவருக்கு முதலில் கொடுத்தார்கள்' என்று சொன்னால் அவர் விசாரித்தே ஆக வேண்டும். அவரும் தட்டிக்கழித்தால், சரி, தயங்காமல் வேறு கடை பாருங்கள்.