பத்திரிகையில் 'மேஸ்திரி' என்று போடலாமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா முப்பது வருஷமாக வீடு கட்டுகிறார். தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில் தன் பேருக்குப் பக்கத்தில் 'மேஸ்திரி' என்று போடச் சொல்கிறார். மாமா, 'அது இந்திச் சொல், மரியாதையா இருக்காது, கட்டட ஒப்பந்ததாரர்னு போடு' என்கிறார். நலவாரிய அட்டையில் கொத்தனார் என்று இருக்கிறது. எதைப் போடுவது?"

அப்பா சொன்னதையே போடுங்கள் தம்பி.

மேஸ்திரி இந்தியிலிருந்து வந்ததல்ல. போர்ச்சுகீசியரின் 'மெஸ்த்ரெ' நம் வாயில் மேஸ்திரி ஆனது. இந்திக்காரர்களின் 'மிஸ்திரி'க்கும் அதுதான் மூலம். 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தவர்களின் மொழியிலிருந்து நமக்குக் கிடைத்தவைதான் ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம். அப்பா கட்டிய வீடுகளில் இவை இல்லாத வீடு இருக்காது. மெஸ்த்ரெக்கு முன்னால் லத்தீனில் 'மாகிஸ்தர்': தலைவர், கற்றுக்கொடுப்பவர் என்று பொருள். ஆங்கிலத்து மாஸ்டரும் அதே வேரில் முளைத்ததுதான். பரோட்டா மாஸ்டர் என்றால் மரியாதை, மேஸ்திரி என்றால் குறைவா?

கொத்தனார் தமிழ்ச் சொல். கொத்து வேலை செய்பவர். அது தொழிலின் பெயர். மேஸ்திரி நிலையின் பெயர்: ஆட்களை வைத்து வேலை வாங்குபவர், தப்பு வந்தால் பதில் சொல்பவர். அவருக்குக் கீழே சித்தாள், அதாவது சிற்றாள். நம் ஜில்லாவில் கொத்தனாரையே மேஸ்திரி என்று கூப்பிடுவது சகஜம். பக்கத்துச் சித்தூரில் தெலுங்கில் 'தாப்பி மேஸ்திரி' என்பார்கள். 1911 வரை அந்தச் சித்தூர்தான் வட ஆர்க்காட்டுக்குத் தலைநகர்.

மாமாவின் சங்கடத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் முன்பணம் கொடுத்து நீலகிரி, வயநாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப் போனவரையும் மேஸ்திரி என்றார்கள். கடனில் சிக்கிய குடும்பங்களுக்கு அந்தப் பேர் கசந்திருக்கும். ஆனால் வீடு கட்டும் மேஸ்திரி வேறு ஆள். காட்பாடியில் எங்கள் வீடு எழும்பியபோது பார்த்தேன்: தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஒரு நூல் வெளிய வந்திருக்கு, பிரி" என்றார். அரைக்கால் அங்குலம்! இடுப்பளவு எழும்பிய சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்ட வைத்தார். அந்தக் கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

மாமா சொல்லும் ஒப்பந்ததாரரில் இருக்கும் 'தார்' பாரசீகம். தாசில்தாரில் இருப்பதும் அதுவே. அயல்சொல் வேண்டாம் என்றால் அதையும் விட வேண்டியதுதான். அப்பா மொத்தமாகப் பேசி வேலை எடுப்பவரானால் அதைப் போடுவதில் தப்பில்லை. நாள்கூலிக்குப் போகிறவர் என்றால் அது பொய்யாகிவிடும்.

நலவாரிய அட்டையில் கை வைக்காதீர்கள். அங்கே கேட்பது தொழில், ஆகவே கொத்தனார்தான் சரி. பத்திரிகையில் பேருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'மேஸ்திரி' என்று போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் 'ஸ்'ஸில் புள்ளி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.