போல்டரில் பட்டமளிப்பு விழா: எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் முதுநிலைப் படிப்பை முடிக்கிறாள். மே மாதத் தொடக்கத்தில் பட்டமளிப்பு விழா. நானும் கணவரும் 71 வது வயதில் இருக்கும் மாமியாரும் திருச்சியிலிருந்து கிளம்புகிறோம். பத்து நாள் இருப்போம். மகள் தோழிகளோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருப்பதால் அங்கே தங்க முடியாது. நானும் மாமியாரும் சைவம், கணவர் எல்லாம் சாப்பிடுவார். எங்களில் யாருக்கும் அங்கே கார் ஓட்டத் தெரியாது. எங்கே தங்கினால் வசதி? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: மலை ஊர் என்றதும் நாம் சீசன் எப்போது என்று கேட்போம். போல்டருக்குப் போகிறவர்கள் பல்கலைக்கழகத்தின் நாள்காட்டியைத்தான் பார்க்க வேண்டும். ஊரில் வசிப்பவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். பல்கலைக்கழகத்தில் மட்டும் 35,000க்கு மேற்பட்ட மாணவர்கள். பட்டம் வாங்குகிறவர்களின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லாரும் ஒரே வாரத்தில் வந்து இறங்குவார்கள். அந்த இரண்டு மூன்று இரவுகளுக்கு வாடகை எகிறிவிடும். குறைந்தது இரண்டு இரவு எடுத்தால்தான் அறை என்று பல விடுதிகள் நிபந்தனை போடும், ரத்து செய்தால் பணம் திரும்பாது என்றும் சொல்லும். அதனால் விசா கைக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பல்கலைக்கழகம் தேதியை நெடுநாள் முன்பே அறிவித்துவிடும். அது தெரிந்த அன்றே, ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் ஓர் அறையைப் பிடித்து வையுங்கள்.

இதே தொல்லை ஆகஸ்ட் நடுவில் புது மாணவர்கள் விடுதிக்குக் குடிபுகும்போதும், இலையுதிர் காலத்தில் உள்ளூரில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளிலும் உண்டு. மே கடைசித் திங்கட்கிழமையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கிறது, அதற்கும் ஊர் நிரம்பி வழியும். 2027 ஜனவரியிலிருந்து சன்டான்ஸ் திரைப்பட விழாவும் இங்கே வருகிறது. வேறு தேதியில் வருகிற பெற்றோர் இவற்றையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இடத்துக்கு வருவோம். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது கேன்யன் பொலிவார்டும் 28வது தெருவும் சந்திக்கிற பகுதி. எம்பசி ஸ்வீட்ஸ், ஹில்டன் கார்டன் இன், ரெசிடென்ஸ் இன் என்ற மூன்று விடுதிகளும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இவற்றில் ரெசிடென்ஸ் இன்னைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், காரணம் அறைக்குள்ளேயே அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரங்களோடு முழுச் சமையலறை இருக்கிறது. சாலையைக் கடந்தால் ட்வென்டி நைன்த் ஸ்ட்ரீட் கடைத்தெரு. அங்கே இருக்கும் ட்ரேடர் ஜோஸ் மளிகைக் கடையில் தயிர், காய்கறி, அரிசி, பாதாம் எல்லாம் கிடைக்கும். விழா நடக்கும் ஃபால்ஸம் ஃபீல்ட் மைதானத்துக்கு நடந்தே போகலாம். ஆனால் ஓடையைத் தாண்டியதும் ஒரு மேடு ஏற வேண்டியிருக்கும், மாமியாரை மட்டும் வண்டியில் அனுப்பிவிடுங்கள்.

பணம் கையைக் கடித்தால் பத்து நாளையும் இரண்டாகப் பிரிக்கலாம். முதல் ஐந்தாறு நாள் போல்டருக்குத் தென்கிழக்கே நெடுஞ்சாலையோரம் உள்ள சுப்பீரியர், லூயிவில், புரூம்ஃபீல்ட் ஆகிய ஊர்களில் தங்குங்கள், வாடகை நன்றாகக் குறையும். பக்கத்துப் பெருநகரமான டென்வருக்கும் போல்டருக்கும் நடுவே ஓடும் ஃப்ளாட்டயர்ன் ஃப்ளையர் பேருந்து (எஃப்எஃப்1) இந்த ஊர்களின் நெடுஞ்சாலை நிறுத்தங்களில் நின்று போகும், நாள் முழுக்க அடிக்கடி உண்டு. விழாவுக்கு முந்தின நாள் ஊருக்குள் மாறிக்கொள்ளுங்கள். பெட்டி தூக்குவது ஒரே ஒரு முறைதான். ஆனால் பதிவு செய்யும் முன் விடுதியிலிருந்து பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், இடையில் நடைபாதை இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். அமெரிக்கப் புறநகரில் அரை மைல் என்பது சில சமயம் ஆறுவழிச் சாலையைக் கடக்கிற அரை மைல்.

போல்டரில் பெயர் பெற்ற இரண்டு பழைய தங்குமிடங்களைப் பற்றி மகளின் தோழிகள் கட்டாயம் சொல்வார்கள். ஒன்று 1909 புத்தாண்டு அன்று திறந்த போல்டராடோ விடுதி. முகப்புக் கூடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை, நூறாண்டு கடந்தும் ஓடுகிற லிஃப்ட், இரண்டு எட்டு வைத்தால் ஊரின் கடைவீதியான பேர்ல் தெரு. அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் சமையலறை கிடையாது, விழா வாரத்தில் வாடகையும் எட்டாத உயரத்துக்குப் போகும். உள்ளே போய்க் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று ஷட்டாக்குவா. ஃப்ளாட்டயர்ன்ஸ் என்கிற சாய்ந்த பாறைகளின் அடிவாரத்தில், 1898இல் தொடங்கிய கோடைக்குடில்கள். தனித்தனி மர வீடுகள், சமையலறை, முன்னால் திண்ணைபோல ஒரு தாழ்வாரம். மாமியார் அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். சிக்கல் என்னவென்றால் அது ஊரின் மேட்டுப் பகுதியில் இருக்கிறது. வார இறுதியில் ஓடும் இலவசப் பேருந்தும் மே கடைசியில்தான் தொடங்கும். கார் இல்லாத உங்களுக்கு ஒவ்வொரு முறையும் வாடகை வண்டி கூப்பிடுவது அலுத்துப்போகும். ஒருநாள் காலையில் போய், புல்வெளியில் உட்கார்ந்து, அங்குள்ள பழைய உணவுக்கூடத்தில் சாப்பிட்டு வாருங்கள்.

தனியார் வீடு வாடகைக்கு எடுக்கலாமா என்றால், போல்டரில் குறுகியகால வாடகைக்கு நகராட்சி உரிமம் வேண்டும். அதுவும் பெரும்பாலும் உரிமையாளர் தானே குடியிருக்கும் வீடாக இருந்தால்தான் தருவார்கள். அதனால் எண்ணிக்கை குறைவு. விளம்பரத்தில் உரிம எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

டென்வர் விமான நிலையத்திலிருந்து ஏபி1 பேருந்து போல்டர் நகர மையம் வரை நேராக வரும். கட்டணம் 10 டாலர், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2.70 டாலர்தான். இரண்டு நாள் பயணம் முடித்து வருகிற மாமியாருக்கு வாடகை வண்டி மேல் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையே செய்யுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஊருக்குள் ஹாப் என்ற சுற்றுப் பேருந்து வளாகம், பேர்ல் தெரு, ட்வென்டி நைன்த் ஸ்ட்ரீட் மூன்றையும் இணைக்கிறது. உங்கள் பத்து நாளில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும்.

சாப்பாட்டுக்கு முன் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இரண்டும் தொடர்புடையவை. போல்டர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,430 அடி. ஏற்காட்டைவிடச் சற்று உயரம், கொடைக்கானலைவிடத் தாழ்வு. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நம் மலைகளில் இருக்கிற ஈரம் இங்கே கிடையாது. காற்று காய்ந்து கிடக்கும். உதடு வெடிக்கும், மூக்கு உலரும், தாகம் தெரியாமலே உடம்பில் தண்ணீர் குறையும். முதல் நாள் ஊர் சுற்றாதீர்கள். தண்ணீர்ப் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். மாமியார் இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், கிளம்பும் முன்னமே மருத்துவரிடம் இந்த உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

சமையலிலும் உயரம் கைவைக்கும். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வடிக்கிற சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும். துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தாலும் மசியாமல் முறைத்துப் பார்க்கும். மகளிடம் மின்சாரப் பிரஷர் குக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தட்டையான அடியுள்ள மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வையுங்கள், விடுதி அடுப்பில் உட்கார்ந்துகொள்ளும். வீட்டு மிக்ஸியைக் கொண்டு வராதீர்கள், அங்கே மின்சாரம் 120 வோல்ட். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி கொண்டு வரலாம், சுங்கச் சோதனையில் உணவு இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் பழங்களுக்கும் அனுமதி இல்லை.

இனி வெளியே சாப்பிடுவது. கட்டாயம் போக வேண்டிய ஒரு இடத்தைக் கேட்டால் துஷான்பே தேநீரகத்தைத்தான் சொல்வேன். தஜிகிஸ்தானின் தலைநகரான துஷான்பே, போல்டரின் சகோதர நகரம். அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த பரிசு இது. நாற்பதுக்கும் மேற்பட்ட கைவினைஞர்கள் அங்கே செதுக்கி, தீட்டி, பெட்டிகளில் அடைத்து அனுப்பிய கட்டடத்தை இங்கே பூட்டி நிறுத்தி 1998இல் திறந்தார்கள். தேவதாரு மரத் தூண்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. மேற்கூரையில் ஓர் அங்குலம்கூட வண்ணம் இல்லாமல் விடவில்லை. நடுவில் ஊற்று, அதைச் சுற்றி ஏழு செம்புப் பெண் சிலைகள். உங்கள் கணவரும் நீங்களும் ஒரே மேசையில் சண்டையில்லாமல் சாப்பிடலாம், சைவ உணவுகள் போதுமான அளவு உண்டு. கேட்கிற தேநீரெல்லாம் கிடைக்கும். முன்பதிவு செய்துகொண்டு போங்கள். சனிக்கிழமை காலையில் போனால் வாசலிலேயே, 13வது தெருவில் உழவர் சந்தை நடக்கும், ஏப்ரல் முதல் நவம்பர் வரை உண்டு.

மாமியாருக்குச் சோறு பருப்பு பார்க்க வேண்டும் என்று தோன்றும் நாளில், வால்நட் தெருவில் உள்ள ஷெர்பாஸ் என்ற நேபாள உணவகத்துக்குக் கூட்டிப் போங்கள். பருப்பு, சோறு, காய் என்று தால் பாத் வரும். நம் ஊர் சுவை இல்லை, ஆனால் வயிறு கேட்கிற சாப்பாடு. வளாகத்தை ஒட்டிய தி ஹில் பகுதி மாணவர்கள் பேட்டை. 1923இலிருந்து இருக்கும் தி சிங்க்கில் சுவர் முழுக்கக் கேலிச்சித்திரம். மகளும் கணவரும் பீட்சாவோ பர்கரோ சாப்பிட்டு வரட்டும், இரைச்சலில் மாமியாருக்குத் தலைவலிதான் மிஞ்சும். ஃப்ராஸ்கா என்ற இத்தாலிய உணவகம், சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரம் வாங்கியது. பெரிய செலவு, நீண்ட நேரம். பயணக் களைப்போடு இருக்கிறவர்களை அங்கே உட்கார வைப்பது வீண்.

சைவக்காரர்கள் கொலராடோவில் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை சில உண்டு. மெனுவில் 'கிரீன் சில்லி' என்று பார்த்ததும் பச்சை மிளகாய்ச் சட்னி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அது பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. முட்டை, பரிட்டோ, உருளைக்கிழங்கு என்று எதன் மேலும் ஊற்றித் தருவார்கள். சைவ வகையும் சில இடங்களில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். மெக்சிகன் கடைகளில் பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். தாய்லாந்துச் சாப்பாட்டில் மீன் சாறு. 'வெஜிடேரியன்' என்று சொன்னால் மட்டும் போதாது, "இறைச்சிச் சாறு, மீன் சாறு, கொழுப்பு எதுவும் வேண்டாம்" என்று மகளை விட்டு விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் கணவருக்கு ஒரு தகவல்: 'ராக்கி மவுன்டன் ஆய்ஸ்டர்' சிப்பி அல்ல, காளையின் விதைக்கொட்டை. தெரிந்து சாப்பிட்டால் அவர் பாடு.

பில் விஷயத்தில், மெனுவில் உள்ள விலைக்கு மேல் ஏறக்குறைய 9 விழுக்காடு வரி வரும். பரிமாறுகிறவருக்கு 18 முதல் 20 விழுக்காடு டிப்ஸ் வைப்பது வழக்கம். சில உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாங்களே சேர்த்துவிடும், பில்லைப் பார்க்காமல் மேலே இன்னொரு முறை வைத்துவிடாதீர்கள்.

மகளின் பேரில் அர்ச்சனை செய்ய வேண்டும் என்று மாமியார் கட்டாயம் கேட்பார். டென்வருக்குத் தென்கிழக்கே சென்டேனியலில் இந்துக் கோயில் இருக்கிறது. போல்டரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இட்லி தோசைக்கும் அந்தத் தென்புறப் புறநகர்ப் பக்கம்தான் போல்டரைவிட வாய்ப்பு அதிகம். கார் வைத்திருக்கும் மகளின் நண்பர் யாராவது இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

விழா நாளன்று இரவுச் சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளாதீர்கள். பேர்ல் தெருவில் நல்ல மேசைகள் எல்லாம் வாரங்களுக்கு முன்பே போயிருக்கும். முந்தின நாள் மதியம் குடும்ப விருந்தை முடியுங்கள், படங்களும் நன்றாக வரும். பொது விழா காலையில், திறந்தவெளி மைதானத்தில். துறை வாரியான விழா தனியாக வேறு நேரத்தில் இருக்கும், மகளின் பெயரை மேடையில் கூப்பிடுவது அதில்தான் என்பதால் அதன் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் பெரும்பாலும் சாய்மானம் இல்லாத பெஞ்சுகள். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தனி இருக்கைப் பகுதி உண்டு, சீக்கிரம் போய்விட்டால் அங்கே கேட்டு உட்காரலாம். மே மாதத்திலும் அங்கே சில வருடங்களில் பனி விழும். வெயில் வந்தாலோ சுள்ளென்று அடிக்கும். மாமியாருக்கு ஸ்வெட்டரும் தொப்பியும் இரண்டுமே வேண்டும். அன்றைக்குக் காப்பிக்கடைகளில் வரிசை வாசல் தாண்டி நிற்கும், உப்புமாவோ தயிர்சாதமோ அறையிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.